தாடியும் இட்லியும்

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று நம்மூரில் சொல்வார்கள். நீங்களும் யாரையாவது பார்த்துச் சொல்லியிருப்பீர்கள். நான் அந்த ஓணானைக் காசு கொடுத்து வாங்கினேன். பதினாறாயிரம் ரூபாய்.

சிரிக்காதீர்கள். அது சாதாரண ஓணான் இல்லை. பியர்டட் டிராகன் என்று பெயர். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பூமி. தாடைக்குக் கீழே முள் முள்ளாகத் தொங்கும், கோபம் வந்தால் உப்பிக்கொண்டு கறுத்துப்போகும். அதனால்தான் தாடி வைத்த டிராகன். ஆஸ்திரேலியாக்காரர்கள் தங்கள் ஊர் ஜீவராசிகளை விற்பனைக்காக வெளியே அனுப்புவதை 1960-களிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்று உலகம் முழுக்கக் கடைகளில் இருப்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. விலங்கியல்படி பார்த்தால் நம்மூர் வேலி ஓணானுக்கு ஒன்றுவிட்ட பங்காளி. ரெண்டும் ஒரே குடும்பம்.

என் அம்மாவுக்கு விலங்கியல் தெரியாது, ஆனால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள். "ஏண்டா, இது ஓணான்தானே? ராமருக்கு அணில் இளநீர் குடுத்துச்சாம், ஓணான் மூத்திரம் குடுத்துச்சாம்னு சொல்லிச் சொல்லிக் கல்லால அடிப்பியே. அந்தப் பாவத்துக்கு இப்ப ஃபைன் கட்றியா?"

வாங்கியது 2021 ஜூலையில். கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து கடைகள் திறந்த நேரம். ஆறாவது படிக்கும் பையன் ஒரு வருஷத்துக்கு மேலாக செல்போனில் ஸ்கூல் போய்க்கொண்டிருந்தான். கிரிக்கெட் இல்லை, சைக்கிள் இல்லை, பேச ஆள் இல்லை. இருந்த ஒரே துணை இட்லி.

இட்லி என்பது ஆமை. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தபோது மினி இட்லி சைஸில் இருந்ததால் அந்தப் பெயர். காதருகே சிவப்புக் கோடு போட்ட, மீன் கடைகளில் குட்டிக் குட்டியாக டப்பாவில் விற்பார்களே, அந்த ஜாதி. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து அயிட்டம். 'இவ்வளவுதான் சார் வளரும்' என்று சொல்லித்தான் விற்பார்கள். நம்பாதீர்கள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், முப்பது வருஷம்கூட இருக்கும். அதாவது பையனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் தண்ணீர் மாற்ற வேண்டியது நாம்தான்.

டிராகன் வந்தது. பையன் அதற்கு 'தாடி' என்று பெயர் வைத்தான். அடுத்த கேள்வி, எங்கே வைப்பது?

இங்கேதான் என் படிப்பு உள்ளே நுழைந்தது. நான் பி.காம். பத்திரிகைக்கு வந்து இருபது வருஷமாகியும் காஸ்ட் அக்கவுன்டிங் என்னை விட்டபாடில்லை. ஓட்டலில் இட்லி சாப்பிட்டால்கூட சாம்பாருக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று மனசு கணக்குப் போடும். கடைக்காரர் தந்த எஸ்டிமேட்டைப் பார்த்தேன். தனித் தொட்டி ஆறாயிரம். வெயில் காய சூட்டு பல்பு தனி. யூ.வி.பி. பல்பு தனி, அதுவும் விலை கூடியது.

யூ.வி.பி. எதற்கு என்று கேட்பீர்கள். பகலில் வெயில் காயும் ஊர்வன இருக்கின்றனவே, வெயிலில் இருக்கும் அந்தப் புறஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் அவற்றின் உடம்பில் டி வைட்டமின் உண்டாகும். டி இல்லாவிட்டால் சாப்பிடும் கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேராது. தாடை ரப்பராகும், கால் வளையும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் உதவாது, கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடும். அதனால் பல்பு. அந்த பல்பும் எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே சரக்கு தீர்ந்துவிடும். ஆறு மாதம், ஒரு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றவேண்டும்.

இட்லிக்கும் இதே யூ.வி.பி. பல்பு, இதே சூட்டு பல்பு ஏற்கெனவே எரிகிறது. இட்லியும் பகலில் வெயில் காய்கிற ஜென்மம், தாடியும் அப்படியே. நாலடி நீளத் தொட்டி, பாதிக்குத்தான் தண்ணீர். மறுபாதியில் மணல் மேடை கட்டினால் முடிந்தது. செலவு அப்படியே இருக்க, பயனாளி ரெண்டு. தலைக்கு ஆகிற செலவு பாதி. பல்கலைக்கழகத்தில் இதற்குப் பதினைந்து மார்க் கொடுப்பார்கள்.

கடைக்காரரைக் கேட்டேன். "அட்ஜஸ்ட் ஆயிடும் சார், எல்லாம் ஊர்ற ஜாதிதானே" என்றார்.

பையன் மட்டும் தயங்கினான். "ப்பா, யூடியூப்ல ஒருத்தர் ரெண்டையும் ஒண்ணா வைக்கவே கூடாதுங்கிறாரு."

"அவன் வெள்ளைக்காரன்டா, வீடு பெருசு. நமக்கு இருக்கிறது ரெண்டு பெட்ரூம்."

அவன் அதற்குமேல் பேசவில்லை. அந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

முதல் இரண்டு மாதம் அந்தத் தொட்டிதான் எங்கள் வீட்டு டி.வி. இட்லி தண்ணீரிலிருந்து ஏறி வந்து பல்புக்குக் கீழே காலை நீட்டிப் படுக்கும். தாடி ஓரமாக நகர்ந்துகொள்ளும். பிறகு, இதைக் கேளுங்கள், முன்னங்காலைத் தூக்கி, மெதுவாக வட்டமாகச் சுற்றி, இட்லியைப் பார்த்து டாட்டா காட்டும். சத்தியமாக. அச்சு அசல் நம்ம ஊர் குழந்தை டாட்டா.

வீடியோ எடுத்து ஃபேமிலி க்ரூப்பில் போட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் உட்பட ஐம்பத்தி சொச்சம் பேர் இதயம் போட்டார்கள். 'மனுஷங்க கத்துக்கணும்' என்று சித்தப்பா எழுதினார். நான்கூட ஒரு கட்டுரைக்கு ஆகும் என்று குறித்து வைத்தேன். ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் அசோக் நகரில் ஒரே கூரையின் கீழ் என்கிற ரீதியில். நல்லவேளை, எழுதவில்லை.

பியர்டட் டிராகன் கையை ஆட்டினால் அது ஹலோ இல்லை. 'நீங்க பெரிய ஆள், நான் சின்னவன், என்னை ஒண்ணும் பண்ணிடாதீங்க' என்று அர்த்தம். குட்டிகள் பெரிசுகளைப் பார்த்து அப்படித்தான் ஆட்டும். நாலு மாதம், தினம் பத்து முறை, எங்கள் ஹாலில் ஒரு ஜீவன் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் அதற்கு மியூசிக் சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்தோம்.

செப்டம்பரில் ஒரு நாள் தாடியின் வால் நுனி காணோம். அரை இன்ச் இருக்கும். சாப்பிடும் நேரத்தில் தண்ணீர்ப் பக்கம் வால் தொங்கியிருக்க வேண்டும், இட்லி மீன் துண்டு என்று நினைத்திருக்கலாம். பையன் பதறினான். "பல்லிக்கெல்லாம் வால் வளந்துடும்டா" என்று தேற்றினேன். பல்லிக்கு வளரும். இந்த ஜாதிக்கு வளராது, போனது போனதுதான். இதையும் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கேட்கலாம், ஒன்றுக்கொன்று சண்டை போட்டால் பிரித்துவிடலாமே என்று. நானும் சண்டைக்குத்தான் காத்திருந்தேன். நாய் பூனை என்றால் சத்தம் வரும், ரத்தம் வரும், நமக்கும் விஷயம் தெரியும். ஊர்வன முனகாது. பெரியது நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சின்னது பல்புக்குக் கீழே போகப் பயந்து ஓரத்தில் இருக்கும். அவற்றுக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. சூடு ஏறினால்தான் சாப்பிட்டது ஜீரணமாகும், நோயை எதிர்க்கும் சக்தியும் வேலை செய்யும். பல்புக்குக் கீழே இடம் கிடைக்காதது என்பது மனிதக் கணக்கில் சாப்பாட்டுப் பந்தியில் இலை கிடைக்காத மாதிரி. பார்க்கிறவர்களுக்கு ரெண்டும் அமைதியாக, ஒற்றுமையாக இருப்பதாகத் தோன்றும்.

போதாக்குறைக்கு ஈரம். தாடியின் ஊர் காய்ந்த பூமி. நான் கொடுத்தது, இரண்டடி தூரத்தில் இருபத்துநாலு மணி நேரமும் ஆவி விடுகிற ஆமைக் குளம். அதற்கு மேல் சென்னை வேறு.

நவம்பர் 1-ம் தேதி சின்ன வகுப்புகளுக்கும் ஸ்கூல் திறந்தார்கள். பையன் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு யூனிஃபார்ம் போட்டான், பழைய பேன்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது. அந்த வாரமே பேய்மழை. 2021 நவம்பர் மழை சென்னைவாசிகளுக்கு ஞாபகம் இருக்கும், தி.நகரெல்லாம் தண்ணீர். எங்கள் தெருவில் கரன்ட் போனது, பல்பும் போனது. கரன்ட் வந்த பிறகும் தாடி சாப்பிடவில்லை. கீரை அப்படியே கிடந்தது, புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாடி நாள் முழுக்கக் கறுப்பு. ரெண்டாம் நாள் கழிசலில் சளி மாதிரி, கொஞ்சம் ரத்தம்.

பறவை, ஊர்வன பார்க்கிற டாக்டரைத் தேடிப் பிடித்து, தாடியை ஷூ டப்பாவில் துணி போட்டு வைத்து, ஸ்கூட்டரில் நானும் பையனும் போனோம். டாக்டர் கழிசலைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "வீட்ல வேற என்ன இருக்கு? ஆமை?" என்றார். ஜோசியக்காரர் மாதிரி.

"ஆமா சார்."

"ஒரே தொட்டியா?"

"ஆமா."

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். அமீபா என்று எட்டாவதில் படம் வரைந்திருப்பீர்கள். அதில் ஊர்வனவுக்கென்றே ஒரு ஜாதி, என்டமீபா இன்வேடன்ஸ். பல ஆமைகளின் குடலில் இது வாடகைக்குக் குடியிருக்கும். ஆமைக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, ஜம்மென்று சாப்பிடும், நீந்தும். ஆனால் அதன் கழிவோடு அமீபாவின் முட்டை மாதிரியான சமாச்சாரம் தண்ணீரில் இறங்கும். கெட்டியான ஓடு போட்டது, சுலபத்தில் சாகாது. அந்தத் தண்ணீரைப் பாம்போ பல்லி ஜாதியோ குடித்தால் அங்கே அது வேறு ஆள். குடல் சுவரை அரித்துப் புண்ணாக்கி, ரத்தம் வழியாக ஈரலுக்கே போய்விடும். காட்சிச்சாலைகளில் கூண்டு கூண்டாகப் பாம்புகள் செத்துப்போக இது காரணமாக இருந்திருக்கிறது. ஆமைக் கூண்டைக் கழுவிய பிரஷ்ஷால் பாம்புக் கூண்டைக் கழுவினாலே போதுமாம். நான் பிரஷ் அளவுக்குச் சிக்கனம் பார்க்கவில்லை, நேராகக் குளத்தையே கொடுத்திருந்தேன்.

ஆக, இட்லி கடிக்கவில்லை, விரட்டவில்லை. பக்கத்தில் வாழ்ந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் மருந்து கலந்துகொண்டே, கொஞ்சம் எரிச்சலாகக் கேட்டார். "ரெண்டையும் ஒண்ணா வைக்கச் சொன்னது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் அங்கிள் வச்சேன்" என்றான் பையன்.

டாக்டர் அவனைப் பார்த்தார். சின்னப் பையன் என்பதால் திட்டவில்லை. "இனிமே அப்படிச் செய்யக் கூடாது, என்ன?" என்றார். "சரி அங்கிள்" என்றான். நான் பக்கத்தில் நின்றேன். இல்லை சார், நான்தான் என்று சொல்ல ரெண்டு செகண்ட் போதும். ரெண்டு செகண்ட் போனது. டாக்டர் அடுத்த நோயாளியான ஒரு கிளியைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது சிக்னலில் கேட்டேன், "ஏன்டா அப்படிச் சொன்னே?"

"உங்களைத் திட்டுவாருன்னு" என்றான், டப்பா நனையாமல் குடையைப் பிடித்தபடி.

மருந்து நாலு நாள் கொடுத்தோம். ஐந்தாம் நாள் காலை தாடி கண்ணைத் திறக்கவில்லை. அபார்ட்மென்ட் பின்பக்கம், செம்பருத்திக்குக் கீழே புதைத்தோம். மழையில் மண் இளகிக் கிடந்ததால் தோண்டுவது சுலபமாக இருந்தது. கல்லால் அடிப்பேன் என்று கிண்டல் செய்த அம்மாதான் செம்பருத்திப் பூ ஒன்று பறித்து வைத்தாள்.

இதில் என்னை இன்னும் உறுத்துவது வேறு ஒன்று. எனக்கு இது தெரியாத விஷயமே இல்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கட்டுரைக்காக ஈ.சி.ஆர். சாலையில் வடநெம்மேலி போயிருந்தேன். ராமுலஸ் விட்டேகர் 1976-ல் ஆரம்பித்த முதலைப் பண்ணை இருக்கிறதே, அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் தொடங்கியது. 2023-ல் பத்மஸ்ரீ வாங்கிய வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இந்த இருளர் சமூகத்துப் பாம்பு பிடிக்கிறவர்கள்தான். நாட்டில் விஷமுறிவு மருந்து தயாராக வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு அங்கே போவோர் வருவோர் முன்னிலையில் எடுக்கப்படுகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகை. வரிசை வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டி. பானையின் மேல் என்ன பாம்பு, என்றைக்கு வந்தது என்று எழுதியிருக்கும். சில வாரம் வைத்து, நாலு தடவை விஷம் எடுத்து, காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

ஏன் தனித்தனிப் பானை என்று அங்கே ஒரு பெரியவரை நான் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "விரியன்கூட இன்னொண்ணப் போட்டா காலைல ஒண்ணுதான் சார் இருக்கும்." கட்டுவிரியனுக்கு மற்ற பாம்புகள்தான் பிடித்த சாப்பாடு. இதை நான் நோட்டில் எழுதினேன், கட்டுரையிலும் போட்டேன். தாடி செத்த அன்று அலமாரியில் அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது. பானை வாங்கக் கணக்குப் பார்க்காத ஒரு சங்கத்தைப் பற்றி எழுதியவன், தொட்டி வாங்கக் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

காட்டில் எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கின்றன என்பீர்கள். என் சித்தப்பாவும் அதையே சொன்னார். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் தென்கிழக்கே, ஃபுளோரிடா பக்கம், கோஃபர் ஆமை என்று ஒன்று மணலில் வளை தோண்டும். பல வளைகள் பத்துப் பதினைந்தடி நீளம், சில நாற்பதடி. அந்த வளைகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட வகை ஜீவன்கள் வந்து தங்குவதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். தவளை, எலி, கிலுகிலுப்பைப் பாம்பு, அந்தக் கிலுகிலுப்பைப் பாம்பையே தின்னும் இன்டிகோ பாம்பு, எல்லாம். ஆனால் வளைக்கு வாசல் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் போய்விடலாம், வெளியே ஒரு காடே கிடக்கிறது. நாலடித் தொட்டியில் ஒதுங்குவதற்கு என்ன இருக்கிறது? கண்ணாடி.

தெரிந்தவர்கள் சேர்த்து வைப்பதும் உண்டு. மீன் மட்டுமே தின்னும் நீள மூக்கு கரியால் முதலையின் குளத்தில் ஆற்று ஆமைகளை விடும் காட்சிச்சாலைகள் இருக்கின்றன. ரெண்டும் ஒரே ஆற்றுப் பிராணிகள், குளம் பெரியது, கரை பெரியது, வெயில் காய இடம் எல்லோருக்கும் உண்டு. புதிதாக வருவதை மாதக்கணக்கில் தனியே வைத்து, கழிவைச் சோதித்து, அப்புறம்தான் சேர்ப்பார்கள். ஒன்று சரிப்படாவிட்டால் மாற்றி வைக்கப் பின்னால் இன்னொரு கூண்டு எப்போதும் காலியாக இருக்கும். அந்தக் காலிக் கூண்டுதான் என் பட்ஜெட்டில் இல்லாதது.

சந்தடி சாக்கில் இன்னொன்று. நட்சத்திர ஆமை, உடும்பு மாதிரி நம்மூர் ஜாதிகளை வீட்டில் வைப்பது குற்றம், தனியாகவும் கூடாது சேர்த்தும் கூடாது. வெளிநாட்டு ஜாதிகளில் சர்வதேசப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருந்தால் 2024-ல் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யவேண்டும். கடையில் சொல்ல மாட்டார்கள்.

தாடி போனபிறகு என் மனைவிக்கு இட்லியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "என்னங்க, பேசாம மயிலாப்பூர் குளத்துல விட்டுட்டு வந்துடுங்களேன்" என்றாள். விடக்கூடாது. இந்த ஆமையை அப்படி ஊர் ஊராக விட்டுத்தான் உலகத்தின் மிக மோசமான நூறு வந்தேறி உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. ஐரோப்பா 1997-ல் இறக்குமதியையே தடை செய்தது. குவாஹாத்தியில் கோயில் குளத்தில்கூடக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உள்ளூர் ஆமைகளின் வெயில் காயும் இடத்தையும் தீனியையும் பிடித்துக்கொள்ளும். கூடவே அந்த அமீபா வாடகைதாரரும் போவார்.

அதனால் இட்லி எங்களோடுதான். தண்ணீர் முழுக்கக் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மணல் மேடையைப் பிரித்தேன். தனியாக இருக்கும் அதன் ஆறாயிரம் ரூபாய் பங்காளித் தொட்டியை நான் கடைசிவரை வாங்கவே இல்லை. பையனும் இன்னொரு டிராகன் கேட்கவில்லை. கேட்டால் வாங்கித் தந்துவிடலாம் என்றுகூட இருந்தது.

அந்த டாக்டரிடம் பிறகு ஒரு முறை, இட்லியின் கழிவைச் சோதிக்கக் கொடுக்கப் போனேன். பையன் வரவில்லை, பரீட்சை. "சார், அன்னிக்குச் சேர்த்து வச்சது பையன் இல்லை, நான்தான்" என்றேன். அவருக்கு யார், என்ன என்று முதலில் பிடிபடவில்லை. நினைவு வந்ததும், "தெரியும் சார். அந்த வயசுப் பையன் எங்க நாலடித் தொட்டி வாங்குவான்" என்று சொல்லிவிட்டு ரசீது எழுதினார்.

வீட்டுக்கு வந்து பையனிடம் இதைச் சொன்னேன். "ஏன்ப்பா போய்ச் சொன்னீங்க?" என்றான். கொஞ்சம் கோபமாக, கொஞ்சம் வேறு மாதிரியாக.

அன்று சாயங்காலம் அலமாரியில் கிடந்த என் பழைய நோட்டைப் பார்த்திருக்கிறான் போல. மறுநாள் காலை தொட்டிக் கண்ணாடியில் மார்க்கரால் எழுதியிருந்தது: செங்காது ஆமை. எண்ணிக்கை 1. வந்தது 2016. அதற்குக் கீழே என் மனைவியின் கையெழுத்தில் இன்னொரு வரி: தண்ணீர் மாற்ற வேண்டியவர், அப்பா.